‘முடி வேலையா?’ என்று கேட்பவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் மகள் ஒருத்தி இரவுச் சாப்பாட்டு மேசையில் இப்படிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "அம்மா, நான் யூனிவர்சிட்டிக்குப் போகேல்ல. ஹெயார் ஸ்டைலிங் படிக்கப் போறன்."

மேசை அமைதியாகிவிடும். அப்பா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்பார்: "தலைமயிர் வெட்டுற வேலையோ பிள்ளை? இதுக்கோ நாங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு இஞ்ச வந்தனாங்கள்?"

அதே அம்மா ஆறு வாரத்துக்கு ஒருமுறை சலூனுக்குப் போகிறவர்தான். தன் தலைக்கு எந்தச் சாயம் ஒத்துவரும் என்று அங்கே வேலை செய்யும் பெண்ணிடம்தான் கேட்கிறார். சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால், மண்டபத்துக்கு அடுத்தபடியாக மணப்பெண்ணின் தலையலங்காரத்துக்குத்தான் ஆளைப் பதிவு செய்கிறார். அந்த வேலை நமக்கு வேண்டும். அந்த வேலையை நம் பிள்ளை செய்வதுதான் வேண்டாம்.

வாலிபரே, இந்தக் கட்டுரை அந்த மகளுக்காகவும் அந்த அம்மாவுக்காகவும் சேர்த்தே எழுதப்பட்டது.

தயக்கம் எங்கிருந்து வந்தது?

நம் ஊர்களில் முடி திருத்துவது வெறும் தொழிலாக இருக்கவில்லை. ஒரு சாதியின்மேல் சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரும் உண்டு. ஆண்கள் முடி திருத்தியதோடு புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள், நாட்டு வைத்தியமும் பார்த்தார்கள். பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். ஊரில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளை முதலில் ஏந்திய கை அவர்களுடையது. ஆனாலும் அவர்களைப் பின்வாசலில் நிற்க வைத்தார்கள். வயதில் மூத்தவரையும் பையனை அழைப்பதுபோல் அழைத்தார்கள். ஆலயத்துக்குள்ளேயும் சாதி பார்த்து இடம் பிரித்த காலம் நம் சபைகளுக்கு உண்டு.

நாம் ஊரை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த நாட்டில் முடி வெட்டுகிறவரின் சாதியை யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பழைய பார்வை நம் சாமான்களோடு சேர்ந்து விமானம் ஏறி வந்துவிட்டது. "படிப்பு வீணாகிவிடும்", "சம்பளம் காணாது" என்று காரணம் சொல்கிறோம். அவற்றில் சில நியாயமானவை, அவற்றைப் பிறகு பார்ப்போம். ஆனால் அந்த அமைதிக்குள் இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இழிவாகப் பார்க்கப்பட்ட கைகளால் ஒரு பெண் என்ன செய்தார் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வாழ்க்கை சாட்சியாக இருக்கிறது. அதை நம் வாலிபர் அறிந்திருக்க வேண்டும்.

சலவைக்காரி சாரா

1867 டிசம்பர் 23 அன்று லூசியானா மாநிலத்தில் டெல்ட்டா என்ற ஊரில், ஒரு பருத்தித் தோட்டத்தில் சாரா பிரீட்லவ் பிறந்தார். அவருடைய பெற்றோர் அதே தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமைத்தனம் ஒழிந்தபின் அந்தக் குடும்பத்தில் பிறந்த முதல் பிள்ளை சாராதான். ஏழு வயதில் தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளையானார். பதினான்கு வயதில் கலியாணம். 1885இல் லீலியா என்ற மகள் பிறந்தாள். இரண்டு ஆண்டுகளில் கணவர் இறந்துபோனார். இருபது வயதில் கைக்குழந்தையோடு விதவை.

சாரா மிசிசிப்பி ஆற்றின் மேல்புறமாக செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே அவருடைய சகோதரர்கள் முடி திருத்துகிறவர்களாக இருந்தார்கள். சாராவுக்குக் கிடைத்தது சலவை வேலை. பிறர் வீட்டு அழுக்குத் துணியைக் காரச் சவர்க்காரம் போட்டு, கொதிநீரில் அவித்து, பலகையில் தேய்க்கும் வேலை. நாள் கூலி ஒன்றரை டாலர் அளவுதான். அந்தப் பணத்தில் மிச்சம் பிடித்து மகளை டென்னசியிலுள்ள நாக்ஸ்வில் கல்லூரிக்குப் படிக்க அனுப்பினார்.

இந்தக் காலத்தில் அவரைத் தாங்கியது ஒரு சபை. அது செயின்ட் லூயிஸிலுள்ள பரிசுத்த பவுல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோபல் ஆலயம். அங்கே மிஷனரிச் சங்கத்துப் பெண்கள் புதிதாக ஊருக்கு வந்த ஏழைகளுக்கு உதவி செய்துவந்தார்கள். அவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள். நன்றாக உடுத்தி நிமிர்ந்து நடந்தவர்கள் இருந்தார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்பட்ட சலவைக்காரி ஒருத்தி, தானும் இப்படி ஆகலாம் என்பதை முதலில் கண்டது அந்தப் பெண்களிடத்தில்தான். அவர்கள் அவரை ஒதுக்கி வைத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

முடி கொட்டியது

முப்பது வயது தாண்டும் முன்பே சாராவின் முடி கொட்டத் தொடங்கியது. அவருக்கு மட்டும் வந்த துன்பம் அல்ல இது. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லாத காலம். பலர் மாதத்துக்கு ஒருமுறைதான் தலை கழுவினார்கள். குளிர்காலத்தில் அதுவும் இல்லை. கழுவினாலும் காரச் சவர்க்காரம் தலைத்தோலைப் புண்ணாக்கியது. பொடுகும் சிரங்கும் பேனும் சேர்ந்தன. சரியான சாப்பாடும் இல்லை. வேர் இருக்கும் தோலே நோயுற்றால் முடி எப்படி நிற்கும்?

அந்த நகரத்தில் ஆனி டர்ன்போ என்ற கறுப்பினப் பெண் கறுப்பினப் பெண்களின் தலைமுடிக்கென்றே மருந்துக் களிம்பு செய்து விற்றுவந்தார். பிற்காலத்தில் ஆனி மலோன் என்று புகழ்பெற்றவர் அவர்தான். சாரா அவருடைய பொருளைப் பயன்படுத்தினார், பிறகு அவருடைய விற்பனையாளராகவும் ஆனார். 1905இல் கொலராடோவிலுள்ள டென்வர் நகரத்துக்குப் போய் அங்கேயும் ஆனியின் பொருளையே விற்றார். 1906இல் பத்திரிகை விளம்பரம் தெரிந்த சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்தார். அதன்பிறகு சொந்தமாக ஒரு களிம்பு செய்து, ‘மேடம் சி. ஜே. வாக்கர்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்.

‘மேடம்’ என்ற பட்டத்தை வெறும் பகட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அந்நாட்களில் வெள்ளையர் எந்த வயதுக் கறுப்பினப் பெண்ணையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மரியாதைச் சொல் கிடையாது. டப்பாவின்மேல் ‘மேடம்’ என்று அச்சடித்துவிட்டால், வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அப்படித்தானே சொல்லியாக வேண்டும்! வயதான முடிதிருத்துநரைப் பையனைப்போல் அழைத்த நம் ஊர்களை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

டப்பாவுக்குள் என்ன இருந்தது?

தன் கனவில் ஒரு மனிதர் தோன்றி மருந்தின் சேர்மானத்தைச் சொன்னார் என்று மேடம் வாக்கர் சொல்லிவந்தார். அவர் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் களிம்பின் முக்கியப் பொருள்கள் கந்தகமும் பெட்ரோலியக் களிம்பும்தான். தோல் நோய்க்குக் கந்தகம் இடுவது அதற்கு வெகு காலம் முன்பே தெரிந்த வைத்தியம். இரும்புச் சீப்பைச் சூடாக்கி முடியை வாரும் முறையைக் கண்டுபிடித்தவர் இவர் என்றும் பலர் எழுதுகிறார்கள். அதுவும் சரியல்ல. அந்தச் சீப்பு ஏற்கெனவே கடைகளில் இருந்தது.

அப்படியானால் அவருடைய வெற்றி எதில்? முறையில். அடிக்கடி தலை கழுவு, மென்மையான ஷாம்பூவால் கழுவு, தலைத்தோலுக்கு மருந்திடு, தூரிகையால் வாரு, பிறகு இலேசான எண்ணெய் தொட்டுச் சூடான சீப்பால் அலங்கரி. புண் ஆறியதும் நின்றுபோன முடி திரும்ப வளர்ந்தது. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் வளரும். ஆகவே இதற்குப் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். அவர் விற்றது டப்பாவை மட்டுமல்ல, அந்த ஒழுங்கையும்தான். சாட்சிக்குத் தன் தலையையே காட்டினார். விளம்பரங்களில் சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்த அவருடைய படங்களே வந்தன.

பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்தால்

தானே வீடு வீடாக விற்பதோடு அவர் நின்றிருந்தால் ஒரு நல்ல வியாபாரியாக மட்டும் இருந்திருப்பார். 1908இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் மகளின் பெயரால் லீலியா கல்லூரி என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1910இல் இண்டியானாபொலிஸ் நகரத்துக்கு மாறி அங்கே தொழிற்சாலை அமைத்தார். வேறு ஊர்களில் இருந்தவர்களுக்கு அஞ்சல் வழியாகவும் பயிற்சி நடந்தது. தலை கழுவவும், வாடிக்கையாளரிடம் பேசவும், தன் உடையையும் கைகளையும் சுத்தமாக வைக்கவும், கணக்கு எழுதவும் அந்தப் பெண்கள் கற்றார்கள்.

தெற்கு மாநிலங்களில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அன்று இருந்த வழிகள் எவை? வயல் வேலை, சமையல் வேலை, சலவை வேலை. மூன்றிலும் முதலாளி வேறொருவர். இங்கேயோ தன் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி போட்டு, தன் கையால் உழைத்து, தன் பேரில் பணம் வாங்கலாம். ஆயிரக்கணக்கான பெண்கள் இந்தப் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் பலர் அந்தக் காசில் வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள்.

1912இல் சிகாகோவில் கறுப்பின வணிகர்களின் தேசிய மாநாடு கூடியது. அதன் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன், நாடறிந்த கல்வியாளர். முடி வியாபாரத்தின்மேல் அவருக்கு மதிப்பு இல்லை. மேடம் வாக்கருக்குப் பேச நேரம் தரவில்லை. கடைசி நாளில் அவர் தானாகவே எழுந்து நின்றார். பருத்தி வயலில் தொடங்கி, சலவைத் தொட்டிக்கும் சமையலறைக்கும் போய், அங்கிருந்து சொந்தமாக ஒரு தொழிலுக்கும் சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலைக்கும் வந்த கதையைச் சபை நடுவே சொன்னார். அடுத்த ஆண்டு மாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளர்! படித்தவர்களுக்கும் இந்தத் தொழிலைப்பற்றித் தவறான எண்ணம் இருக்கலாம், அது மாறவும் கூடும் என்பதற்கு இது ஒரு சான்று.

விற்றவருக்குப் பரிசு, கொடுத்தவருக்கும் பரிசு

1917 ஆகஸ்ட் கடைசியில் பிலடெல்பியாவில் ஒரு பாப்திஸ்து ஆலயத்தில் வாக்கர் விற்பனையாளர்களின் முதல் மாநாடு நடந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். அதோடு, தங்கள் ஊரில் தருமத்துக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கும் பரிசு கொடுத்தார்கள். அதே கோடையில் கிழக்கு செயின்ட் லூயிஸில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைக் கொன்றிருந்தன. கும்பல் கொலைகளுக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று இந்தப் பெண்கள் ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி அனுப்பினார்கள். தலை வாரும் பெண்கள் நாட்டின் தலைவருக்குத் தந்தி அனுப்பியது சின்ன விஷயம் அல்ல.

மேடம் வாக்கரும் அப்படியே நடந்தார். இண்டியானாபொலிஸில் கறுப்பின வாலிபருக்கான ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்கு 1,000 டாலர் தருவதாக வாக்குக் கொடுத்தார். இறப்பதற்குச் சற்று முன் கும்பல் கொலை எதிர்ப்பு நிதிக்கு 5,000 டாலர் அறிவித்தார். பிற்கால இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறப்பணிகளுக்குப் போக வேண்டும் என்று உயில் எழுதினார். 1919 மே 25இல், 51ஆம் வயதில் இறந்தார்.

புனிதர் அல்ல, மனிதர்

நம் பத்திரிகைகளில் வாழ்க்கை வரலாறு எழுதும்போது குறைகளை மறைத்துவிடும் பழக்கம் உண்டு. இங்கே அது வேண்டாம்.

ஆனி மலோனிடம் கற்றுக்கொண்ட தொழிலைத் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் இருந்தது. தன் பொருளைப் பலர் போலி செய்கிறார்கள் என்று ஆனி 1906இல் ‘போரோ’ என்ற வணிகப் பெயரைப் பதிவு செய்தார். அவரும் செல்வந்தரானார், அனாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்கு அள்ளிக் கொடுத்தார். ஆனால் இன்று உலகம் அறிந்த பெயர் மாணவியுடையது, ஆசிரியருடையது அல்ல. கற்றுக்கொடுத்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை.

முடியை நேராக்கி வெள்ளையரைப் போலாக ஆசைகாட்டுகிறார் என்று சொந்த மக்களிலேயே சிலர் குறை சொன்னார்கள். நான் முடியை நேராக்கவில்லை, ஆரோக்கியமாக்குகிறேன் என்பது அவர் பதில். அந்த வாதம் இன்றும் முடியவில்லை. வெண்மையாக்கும் களிம்பு விற்கும் நம் கடைகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

அவருடைய மணவாழ்க்கை 1912இல் விவாகரத்தில் முடிந்தது. உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் இருந்தும், ஓய்வெடுக்கச் சொன்ன மருத்துவர்களின் பேச்சைக் கேட்காமல் ஊர் ஊராகப் பயணம் செய்தார். உழைப்பும் ஒரு போதைதான்.

இன்றைக்கு இந்தத் தொழில்

இனி அந்த மகளிடமும் அம்மாவிடமும் நேரடியாகப் பேசலாம்.

இது படிப்பில்லாதவர் தொழில் அல்ல. கனடாவின் ஒன்ராறியோவில் சிகையலங்காரம் கட்டாயச் சான்றிதழ்த் தொழில்களில் ஒன்று. பயிற்சியாளராகப் பதிவு செய்து, வேலையிடத்திலும் வகுப்பிலும் கற்று, தேர்வு எழுத வேண்டும். சாயத்தின் இரசாயனம் தெரிய வேண்டும். புதிய சாயம் போடும்முன் தோலில் சிறிதளவு தடவி, ஒவ்வாமை வருகிறதா என்று இரண்டு நாள் பார்க்கத் தெரிய வேண்டும். தலைத்தோலில் ஒரு மாற்றத்தைக் கண்டால் "இதை டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

சுலபமான வேலையும் அல்ல. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்வதால் முதுகும் காலும் நோகும். தண்ணீரிலும் இரசாயனத்திலும் கை நனைந்துகொண்டே இருப்பதால் கைகளில் எக்ஸிமா வருவது இந்தத் தொழிலில் சாதாரணம். கையுறை போடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கற்க வேண்டும். தொடக்கத்தில் வருமானம் குறைவு. சனிக்கிழமைகள் போய்விடும். சில இடங்களில் ஞாயிறும் கேட்பார்கள். இதையெல்லாம் கேட்டு அறிந்துகொண்டு "வேண்டாம்" என்றால் அது நியாயமான முடிவு. கௌரவத்துக்காக "வேண்டாம்" என்றால் அது வேறு.

பொருள் விற்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைப் போத்தலில் அடைத்து வாட்ஸ்அப்பில் விற்கும் சகோதரிகள் நம்மிடையே உண்டு. நல்ல முயற்சி. ஆனால் கனடாவில் அழகுப் பொருளை முதன்முதல் விற்ற பத்து நாளுக்குள் கனடா சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும். சேர்மானங்களை லேபிளில் எழுத வேண்டும். "முடி வளரும்" என்று வாக்குக் கொடுத்தால் அது அழகுப் பொருள் என்ற எல்லையைத் தாண்டி மருந்துக்கான சட்டங்களுக்குள் போய்விடும். மேடம் வாக்கரின் டப்பாவையே இன்று அதே பெயரோடு அப்படியே விற்க முடியாது! தெரியாத சகோதரியின் தலைக்கு நாம் பொறுப்பு என்ற பயம் விற்கிறவருக்கு இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சலூன் நாற்காலியில் உட்காருகிற மனிதர் வேறெங்கும் பேசாததைப் பேசுகிறார். வேலை போனது, மகனோடு பேச்சில்லாதது, புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி போகப்போகிறது என்பது எல்லாம் அந்த நாற்காலியில் வெளியே வரும். சிகிச்சை தொடங்கும்முன் அந்த முடியைக் குறுக்க வெட்டிவிடுகிற கை எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும்! அந்தக் கையை இழிவானது என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

அடுத்த முறை உங்கள் மேசையில் ஒரு பிள்ளை இந்தத் தொழிலைச் சொன்னால், அமைதியாகிவிடாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே படிக்கப் போகிறாய்? யாரிடம் வேலை பழகப் போகிறாய்? உன் கை தேர்ந்தபின் யாருக்குக் கற்றுக்கொடுப்பாய்? அந்த மூன்றாவது கேள்விக்கு ஒரு சலவைக்காரி சொன்ன பதில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைத்தது.

வாலிபர் கூடுகையில் பேச:

1. நம் வீடுகளில் எந்தெந்தத் தொழில்களைச் சொன்னால் மேசை அமைதியாகிறது? ஏன்?

2. சாராவைத் தாங்கிய சபைப் பெண்களைப்போல, புதிதாக வருகிற ஒருவரை நம் சபையில் தாங்குகிறவர்கள் யார்?

3. நாம் கற்ற தொழிலில், நமக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயரைக் கடைசியாக எப்போது சொன்னோம்?